பெட்டியும் சீட்டும்

நமக்கு விளங்காத ஒன்று நம் கைக்கு வந்து சேர்ந்தால் அதை என்ன செய்வது? கேள்வி பழையதுதான். சுங்கச்சாவடிக்காரருக்கும், தபால்காரருக்கும், பெரிய குடும்பத்தில் புதிதாகக் காலடி வைத்த மருமகளுக்கும் பொதுவான கேள்வி. நான் இப்போது இதைப் பற்றி எழுத நேர்ந்த காரணம் மட்டும் கொஞ்சம் புதியது. கம்ப்யூட்டர்காரர்கள் ‘எனி’ என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பண்டம். ‘எதுவேனும்’ என்று நாம் சொல்லலாம். அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அது என்னை விடவில்லை.

கதை படிக்க வந்த இடத்தில் யந்திரப் பாடம் நடத்துகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். நாலைந்து பாராக்கள் பொறுத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு நாம் மனிதர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஓர் ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் வேறோர் ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் வேலை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் செய்த கம்பெனிகள் வேறு. ஒன்றில் ஓடும் புரோகிராம் சி பிளஸ் பிளஸ் என்ற பாஷையில் எழுதியது, மற்றொன்றில் ஜாவா, மூன்றாவதில் கோபால். (பெயரைப் பார்த்து நம்மவர் என்று எண்ணிவிடக் கூடாது. வியாபாரக் கணக்குக்காக 1959-இல் அமெரிக்காவில் உருவான பாஷை அது.) இவர்களெல்லாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று 1989-இல் அமெரிக்காவில் சில கம்பெனிகள் கூடி ‘ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்’ என்று ஒரு சங்கம் வைத்தன. அந்தச் சங்கம் 1991-இல் வெளியிட்ட விதிகளின் தொகுப்புக்குக் ‘கார்பா’ என்று பெயர். வங்கிகளும் டெலிபோன் கம்பெனிகளும் பல ஆண்டுக் காலம் அதை நம்பி வாழ்ந்தன. இன்று அதன் செல்வாக்குக் குறைந்துவிட்டது. 2018-இல் வெளிவந்த ஜாவாவின் 11-ஆம் பதிப்பில் கார்பாவுக்கு இருந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். பழைய வீட்டைக் காலி செய்த பிறகுதான் அதை எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும் என்பார்கள். இதிலும் அப்படித்தான்.

கார்பாவின் முதல் விதி, பேச்சுக்கு முன்னால் ஒப்பந்தம். ‘என்னிடம் இன்னின்ன வேலை கேட்கலாம், கேட்கும்போது முதலில் ஓர் எண்ணைத் தர வேண்டும், அடுத்து ஒரு பெயரைத் தர வேண்டும், நான் திருப்பிக் கொடுப்பது இன்ன வகை’ என்று எல்லாவற்றையும் பொதுவான ஒரு பாஷையில் எழுதி, இரு தரப்பாரும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன் லக்கினப் பத்திரிகை எழுதுகிற மாதிரி. யார் யார், எது எது, எத்தனை என்று எல்லாம் தீர்மானமாகிவிட்டால் முகூர்த்தத்தன்று தகராறு இல்லை.

உலகம் லக்கினப் பத்திரிகைக்குள் அடங்கிவிடுமானால் கதாசிரியர்களுக்கு வேலையே இல்லை. கார்பா எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவர் அனுப்பும் செய்தியை இடையில் நின்று வாங்கிப் பலருக்குக் கொடுக்கும் ஒரு தரகன் வேண்டியிருந்தான். ஈவன்ட் சானல் என்று அவனுக்குப் பெயர். நாளைக்கு எந்த ஊரிலிருந்து எந்த மாதிரிச் செய்தி வரும் என்று இன்றைக்கே அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் ‘எனி’ என்ற பெட்டி. அதில் எதையும் போடலாம். எண், எழுத்து, பத்து உறுப்புகள் கொண்ட பெரிய தொகுதி, ஏன், இன்னொரு ‘எனி’யையே கூடப் போடலாம்; பெட்டிக்குள் பெட்டி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெட்டியோடு கூட ஒரு சீட்டும் போக வேண்டும். உள்ளே இருப்பது இன்ன வகை, அதற்கு இத்தனை உறுப்புகள், ஒவ்வொன்றும் இன்னது என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். டைப்கோட் என்று அதற்குப் பெயர். கம்பி வழியாகப் போகும்போது சீட்டுத்தான் முதலில் போகிறது. பொருள் அதன் பின்னால். இந்த வரிசையை நான் மிகவும் ரசித்தேன்.

வகை, சீட்டு என்றெல்லாம் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சீட்டைப் பார்த்து மனிதனை நிறுத்துப் பார்க்கிற வழக்கம் நமக்கு உண்டு. நம் ஊரில் ஒருவன் நெற்றியில் ஒட்டிய சீட்டைப் படித்தவர்கள் அதற்குமேல் அவனைப் படிக்க மாட்டார்கள். கார்பாவின் சீட்டுக்கு உத்தியோகமே வேறு. உள்ளே இருப்பதை எப்படிப் படிப்பது என்று சொல்வதற்காக மட்டுமே அது கூட வருகிறது. படித்து முடித்ததும் சீட்டுக்கு மரியாதை இல்லை. ஒன்று கதவை அடைக்கிற சீட்டு. மற்றது திறக்கிற சீட்டு. இந்த வித்தியாசத்தை யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தவர்கள் நாம் என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே போகிறேன்.

பெட்டி வந்து சேர்ந்தது. பெறுகிறவர் அதைத் திறக்க வேண்டும். ‘உள்ளே இருப்பது எண் என்றால் அதைக் கொடு’ என்று அவர் கேட்கிறார். சீட்டில் எண் என்று இருந்தால் கிடைக்கும். வேறாக இருந்தால் கிடைக்காது. எழுத்தை எண்ணாக எண்ணி எடுத்துப்போக வழியில்லை. இதுவரை எல்லாப் பாஷைக்கும் ஒரே நியாயம். ஆனால் மறுக்கும் விதத்தில்தான் சுபாவம் தெரிகிறது. ஜாவாவில் வகை மாறிக் கேட்டால் அது கூக்குரல் போடும். யாராவது வந்து பதில் சொல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிடும். சி பிளஸ் பிளஸில் அப்படி இல்லை. ‘இல்லை’ என்று தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான். கேட்டவன் அந்த ‘இல்லை’யைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த காரியத்துக்குப் போனால் அது தடுக்காது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவளைவிட, தலையைக் குனிந்துகொண்டு ‘இல்லை’ என்கிறவளிடம் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது சம்சாரிகளுக்குத் தெரிந்த விஷயம்.

எனக்கு இதையெல்லாம் சொன்னவர் ஒரு நண்பர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். ஒரு டெலிபோன் கம்பெனியில் வெகு நாள் வேலை பார்த்தவர். கம்பெனி எது, ஊர் எது என்பது இங்கே வேண்டாம். ஆயிரக்கணக்கான யந்திரங்கள் ஊர் ஊராக இருக்கும். அவற்றுக்கு ஏதாவது கோளாறு வந்தால் ‘எனி’ப் பெட்டியில் ஒரு செய்தி போட்டுத் தரகனிடம் கொடுக்கும். தலைமை இடத்தில் இருந்த நண்பருடைய புரோகிராம் அதை வாங்கித் திறந்து, இரவுக் காவலில் இருப்பவரின் திரையில் காட்டும். ஏழு விதமான செய்திகள் வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் ஏழுக்கும் வழி செய்தார். ‘முதல் வகையா? இல்லை. இரண்டாம் வகையா? இல்லை’ என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும் அந்தப் புரோகிராம். ஏழும் இல்லை என்றால்? பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும்.

இரண்டு வருஷம் நன்றாக நடந்தது. ஒரு நாள் ஏதோ ஒரு சிறு பட்டணத்தில் புதிய யந்திரம் ஒன்றை வைத்தார்கள். மின்சாரம் நின்று பாட்டரி குறைந்துகொண்டே போனால் அந்த யந்திரம் எட்டாவது விதமாக ஒரு செய்தி அனுப்பும். ஓர் இரவு மின்சாரம் நின்றது. யந்திரம் செய்தி அனுப்பிற்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, நான்கு மணி நேரம் அனுப்பிற்று. ஒவ்வொரு பெட்டியும் ஒழுங்காக வந்து சேர்ந்தது; ஒவ்வொன்றோடும் சீட்டு இருந்தது; ஒவ்வொன்றும் ஏழு ‘இல்லை’ கேட்டுக் கீழே விழுந்தது. திரையில் பச்சை விளக்கு. விடியும் முன் அந்தப் பட்டணத்தில் டெலிபோன்கள் ஓய்ந்துவிட்டன.

நான் கதை எழுதுகிறவன். அந்த இரவு அந்த ஊரில் எந்த வீட்டில் யார் யாரை அழைக்க முயன்றிருப்பார்கள் என்று என்னால் இட்டுக்கட்ட முடியும். செய்யவில்லை. நண்பருக்கே அது தெரியாது. தெரியாது என்பதுதான் அவருடைய வேதனை.

“விசாரணையில் என்னை விட்டுவிட்டார்கள், ஸார்” என்றார். “புது வகை வரப்போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாதது அவர்கள் தவறு என்று தீர்ந்துவிட்டது.”

“பிறகு என்ன?”

“சீட்டு இருந்ததே, ஸார்.”

இதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த மூன்று சொற்களில் ஒரு முழு வழக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வழக்கைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரு சங்கதி தெரிய வேண்டும். கார்பாவின் 2.2 என்ற பதிப்பில், 1998-இல், ‘டைன்எனி’ என்று ஓர் ஏற்பாடு வந்தது. முன்பின் அறியாத வகையைச் சேர்ந்த பெட்டியையும், சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு திறந்து பார்க்கலாம் என்பது அதன் சாரம். பெட்டியை அதன் முன் வைத்தால் அது ஒவ்வோர் உறுப்பாக நடந்து காட்டும். முதல் உறுப்பின் பெயர் இது, வகை, சிறிய எண், மதிப்பு இவ்வளவு. அடுத்தது, பெயர் இது, வகை, எழுத்துத் தொடர், அதில் எழுதியிருப்பது இது. அடுத்தது ஒரு தொகுதி, அதற்குள்ளே இறங்கட்டுமா? இறங்கு. இப்படி. அவசியமானால் புதிய பெட்டியை இதே முறையில் உறுப்பு உறுப்பாகக் கட்டவும் செய்யலாம். ஒரு விசித்திரமான கட்டுப்பாடும் உண்டு. இந்தப் பரிசோதகனை மட்டும் ஊர் தாண்டி அனுப்ப முடியாது. அவன் இருக்குமிடத்தில்தான் இருப்பான். பார்த்ததை வேறு ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால் மறுபடியும் பெட்டியாகக் கட்டி, சீட்டு எழுதித்தான் அனுப்ப வேண்டும். அறிவதென்பது அவரவர் வீட்டில் நடக்கிற காரியம். அனுப்பக்கூடியது பொருள் மட்டும்தான். எந்த உபநிஷத்து ஆசிரியரும் இதை ஆட்சேபித்திருக்க மாட்டார்.

ஆகவே, நண்பரின் முன் வழி இருந்தது. முன்பு அவர் அறியாதது உண்மை. அறிய இயலாதது என்பது உண்மையில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சந்து மிகக் குறுகியதுபோலத் தோன்றும். நம்முடைய பாவங்களில் பெரும்பாலானவை அந்தச் சந்தில்தான் குடியிருக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். ‘எனக்குத் தெரியாது’ என்று கோர்ட்டில் சொல்லலாம். ‘கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்’ என்று மனசு திருப்பிச் சொல்லும். கேட்க முடியாதவனுக்கு அறியாமை ஒரு கேடயம். கேட்க வழி வைத்துக்கொண்டு கேட்காதவனுக்கு அது ஒரு போர்வை.

ஆனால் நண்பர் செய்ததைவிடக் கெட்ட காரியம் ஒன்று உண்டு. விளங்காததை விளங்கியதாகப் பாவித்துக்கொள்வது. 1996-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி தென் அமெரிக்காவில் உள்ள கூரூ என்ற இடத்திலிருந்து ஐரோப்பியர்கள் ஏரியான் 5 என்ற ராக்கெட்டை முதன்முறையாக ஏவினார்கள். சுமார் நாற்பது விநாடிகளில் அது திசை மாறி உடைந்து வெடித்தது. அதில் இருந்த நான்கு விஞ்ஞானத் துணைக்கோள்களும் போயின. காரணத்தைப் பலர் பாதிதான் சொல்வார்கள். 64 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்கப் பார்த்தார்கள், அது அடங்கவில்லை என்பது வரையில் பிரசித்தம். ஏரியான் 4-க்காக எழுதிய புரோகிராம்; அந்த ராக்கெட்டின் நடைக்கு அந்த எண் ஒருநாளும் அவ்வளவு பெரிதாக வளராது. புதிய ராக்கெட் வேறு பாதையில், வேறு வேகத்தில் போயிற்று. சின்னப் பையனுக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்குப் போட்ட கதை.

என்னை உறுத்தியது மறு பாதி. எண் அடங்காமல் போனதும், ராக்கெட்டின் போக்கை அளந்து சொல்லும் கருவி வேலையை நிறுத்திவிட்டு, ‘எனக்குக் கோளாறு’ என்று ஒரு குறிப்பை அனுப்பியது. அந்தக் குறிப்பும் வழக்கமான செய்தி வரும் அதே பாதையில் வந்தது. தலைமைக் கம்ப்யூட்டர் அதை ராக்கெட்டின் போக்கைப் பற்றிய தகவல் என்று படித்துக்கொண்டது; இல்லாத விலகலைத் திருத்துவதற்காக ராக்கெட்டின் வாய்களை ஒரேயடியாகத் திருப்பியது. ‘நான் சாகிறேன்’ என்று ஒருவன் அலறுகிறான்; கேட்பவன் அதை வழி சொல்வதாக எடுத்துக்கொண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்குகிறான். சீட்டில்லாத பெட்டியின் கதி இதுதான். கேட்கிறவன் தனக்குப் பழக்கமானதையே கேட்பான். வீட்டில் நடப்பது என்ன? பிள்ளை பேசாமல் இருந்தால் அடக்கம் என்று படித்துக்கொள்கிறோம். அவன் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்பது வெகு நாள் கழித்துத் தெரிய வருகிறது.

ஊகிப்பதற்கும் தள்ளுவதற்கும் நடுவில் நம் தமிழ் இலக்கணத்துக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தமிழில் வினை முடிய வேண்டுமானால் வருவது ஆணா, பெண்ணா, அஃறிணையா என்று தெரிந்தாக வேண்டும். தூரத்தில் இருட்டில் ஓர் உருவம் வருகிறது. மனிதர் என்று தெரிகிறது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. வாக்கியத்தை எப்படி முடிப்பது? தொல்காப்பியர் இந்தச் சங்கடத்துக்கென்றே விதி செய்திருக்கிறார். பால் ஐயமானால் பன்மையால் சொல். அதாவது, தெரிந்த வரையில் சொல். தெரியாத இடத்தை அகலமாக விட்டுவை. அருகில் வந்த பிறகு தீர்த்துக்கொள்ளலாம். ‘வருவது யாரென்று தெரியாததால் பேசமாட்டேன்’ என்றும் இல்லை. ‘வருகிறான்’ என்று அவசரமும் இல்லை. சந்தேகத்துக்கு இலக்கணத்திலேயே ஓர் ஆசனம் போட்டு உட்கார வைத்தவர்கள் சாமானியர்கள் அல்ல.

அப்படியானால் வருவதையெல்லாம் தாராளமாக ஏற்றுக்கொள்வதுதான் தர்மமா? கம்ப்யூட்டர் உலகில் இதற்கு ஒரு பிரபலமான பதில் உண்டு. இன்டர்நெட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் போஸ்டல், 1980-இல் எழுதிய ஒரு விதிநூலில், நீ செய்வதில் கட்டுப்பாடாக இரு, பிறரிடமிருந்து ஏற்பதில் தாராளமாக இரு என்ற கருத்தைச் சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! நம் பாட்டிமார்கள் சொன்னதுபோலவே இருக்கிறது. இந்தப் பெருந்தன்மையினால்தான் இன்டர்நெட் பிழைத்தது என்று சொல்வாரும் உண்டு. ஆனால் 2023-இல் அதே விதிநூல்களின் வரிசையில் 9413 என்ற எண்ணுடன் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. பிழையோடு வருவதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டே போனால் அனுப்புகிறவன் திருந்துவதில்லை. நாளடைவில் அந்தப் பிழையே வழக்கமாகி, புதிதாக வருகிறவனும் அதைக் கற்றுக்கொண்டாக வேண்டியிருக்கிறது என்று அதில் வாதாடியிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது கட்சியில்தான் மனம் சாய்கிறது. தாராளம் வேறு, கவனிக்காமல் இருப்பது வேறு. விருந்தாளி செருப்போடு கூடத்துக்குள் வந்தால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுப் பின்னால் தரையைத் துடைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. அதை நாம் பெருந்தன்மை என்கிறோம். அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும் அது என்னவென்று. நண்பருடைய புரோகிராம் எட்டாவது பெட்டியைக் கண்டதும் ஜாவாக்காரனைப்போலக் கூச்சல் போட்டிருந்தால் முதல் நாளே யாராவது ஓடி வந்திருப்பார்கள். ஏற்காமல் விட்டதைக் காட்டிலும், ஏற்கவில்லை என்று சொல்லாமல் விட்டதுதான் பெரிய குற்றம். நிராகரிப்பது பல சமயம் நியாயம். நிராகரித்ததை மறைப்பதற்கு நியாயம் ஏது?

தரகனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஈவன்ட் சானல் பெட்டியைத் திறப்பதே இல்லை. விளங்காததைப் பழுதில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. கடிதத்தைப் பிரிக்காத தபால்காரரின் கண்ணியம். நம்மில் பெரும்பாலோர் முன்னோர் தந்த சடங்குகளையும் பழமொழிகளையும் இந்த முறையில்தான் சுமந்து பேரனிடம் கொடுக்கிறோம். திறந்ததில்லை, கெடுத்ததுமில்லை. தபால்காரர்களாகவே எல்லோரும் இருந்துவிட்டால் கடிதத்தைப் படிப்பது யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

கார்பாவில் இன்னொரு விதியும் உண்டு. அதைக் கேட்டபோது, இதை எழுதியவர் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வகையிலிருந்து வேறொரு வகை பிறக்கலாம். தாயிடம் இருப்பதெல்லாம் மகளிடம் இருக்கும், மேற்கொண்டும் சில இருக்கும். மகள் வந்து நிற்கிறாள். பெறுகிறவருக்குத் தாயைத்தான் தெரியும். மகளிடம் மேற்கொண்டு உள்ளதை வெட்டிவிட்டு, தாயாக மட்டும் பாவித்து ஏற்றுக்கொள்ளலாமா? ஏற்கலாம், ஆனால் ‘என்னை இப்படி வெட்டிக்கொள்ளலாம்’ என்று மகளின் ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதியிருந்தால் மட்டும். ‘டிரங்கேட்டபிள்’ என்று ஒரு சொல் அதற்காகவே வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முடியாது என்று சொல்லிவிட வேண்டும். நமக்குப் புரிகிற அளவுக்கு வெட்டி மனிதர்களை ஏற்றுக்கொள்வது நம் நித்தியப் பழக்கம். பாட்டுப் பாடத் தெரிந்தவளைச் சமையல் தெரிந்தவளாக மட்டும் ஏற்றுக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். யாரைச் சம்மதம் கேட்டோம்?

சீட்டைப் பற்றி இவ்வளவு உயர்வாகப் பேசிவிட்டேன். அதற்கும் எல்லை உண்டு. இரண்டு சீட்டுகள் ஒன்றேதானா என்று பார்ப்பதற்குக் கார்பாவில் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு எல்லாமே ஒத்திருக்க வேண்டும். ‘சம்பளம்’ என்று பெயரிட்ட எண்ணும் வெறும் எண்ணும் அதன் கண்ணுக்கு வெவ்வேறு. மற்றொன்று அந்த மாற்றுப்பெயரை உரித்துவிட்டுப் பார்க்கும்; அதன் கண்ணுக்குச் சம்பளமும் ஓர் எண், காய்ச்சலும் ஓர் எண், இரண்டும் ஒன்றே. எது சரி? பெட்டியைத் திறக்க வேண்டியவனுக்கு இரண்டாவது போதும். திறந்ததை வைத்து ஏதாவது செய்ய வேண்டியவனுக்கு முதலாவது வேண்டும்.

வடிவம் தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிடாது. செவ்வாய்க் கிரகத்தின் தட்ப வெப்பத்தை ஆராய 1998 டிசம்பரில் அமெரிக்கர்கள் அனுப்பிய ஓடம் ஒன்று 1999 செப்டம்பர் 23-ஆம் தேதி அந்தக் கிரகத்தை அடைந்த அன்றே தொலைந்தது. மேலே 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டியது, 57 கிலோமீட்டர் வரை இறங்கிவிட்டது. பூமியில் ஒரு புரோகிராம் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் எழுதியது. வாங்கிய புரோகிராம் நியூட்டன் கணக்கென்று படித்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். எண் எண்ணாகத்தான் வந்தது, எண்ணாகத்தான் படிக்கப்பட்டது. வகையில் பிழையில்லை. ‘எண்’ என்று மட்டும் சொல்கிற எந்தச் சீட்டும் அந்த ஓடத்தைக் காப்பாற்றியிருக்காது. எதன் எண், எந்த அளவில் எண் என்பதை யாராவது ஒரு மனிதர் சொல்லியிருக்க வேண்டும், யாராவது ஒரு மனிதர் கேட்டிருக்க வேண்டும்.

நண்பர் தம் புரோகிராமை மாற்றி எழுதினார். ஏழிலும் சேராத பெட்டி வந்தால் இப்போது கீழே போடுவதில்லை. டைன்எனியைக் கொண்டு உறுப்பு உறுப்பாகப் படித்து, அவற்றின் பெயர்களையும் மதிப்புகளையும் அப்படியே இரவுக் காவலரின் திரையில் மஞ்சள் நிறத்தில் காட்டியது. புரோகிராமுக்கு அந்தப் பெயர்களின் அர்த்தம் தெரியாது. இரவுக் காவலில் இருந்தவர் ரிடையராகப் போகிற வயதுக்காரர், அதிகம் படித்தவரல்லர். ‘பாட்டரி’ என்றும் ‘வோல்ட்’ என்றும் இரண்டு பெயர்களைப் பார்த்தார், பக்கத்தில் எண்ணைப் பார்த்தார், டெலிபோனை எடுத்தார். முன்பின் பார்த்திராத வகைகளை அவர் இப்படிப் பல முறை படித்துச் சொல்லியிருக்கிறாராம்.

பிறகு ஒரு புதிய கம்பெனியின் யந்திரங்கள் வந்தன. அவர்கள் சிக்கனக்காரர்கள். சீட்டில் உறுப்புகளின் பெயர்களை எழுத வேண்டும் என்ற கட்டாயம் கார்பாவில் இல்லை. பெயர்களை உரித்துச் சீட்டைச் சிறிதாக்கவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கம்பியில் பாரம் குறையும். யந்திரம் அதையும் வைத்துக்கொண்டு பெட்டியைத் தவறாமல் திறந்துவிடும். அதற்குப் பெயர் எதற்கு? அந்தப் பெட்டிகளும் மஞ்சள் நிறத்தில் திரையில் வந்தன. ஓர் எண், ஓர் எண், ஓர் எழுத்துத் தொடர், ஓர் எண். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு நண்பரைக் கூப்பிட்டு, “தம்பி, இதிலே யாரோ என்னமோ சொல்றாங்க” என்றாராம்.